நாற்பது அடிக் கொடி

ஜனவரி 9

அன்புக் குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று உங்கள் போன் அடித்து அடித்து ஓய்வதிலிருந்து தெரிந்துகொண்டேன். எடுத்துப் பேச நேரமில்லாத அளவுக்கு நலம். இருக்கட்டும், கடிதமாவது கைக்கு வந்து சேரும்.

தாவர ஆய்வு நிறுவனத்தின் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முன்கூடத்துச் சுவர் முழுக்க, நாற்பது அடிக்கு, நம் நீலக்கொடி! பதினொரு வருஷமாகக் காலண்டருக்கும் விதைப் பாக்கெட்டுக்கும் வேலை செய்தோம். உள்ளங்கை அளவு படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் எது போட்டோ, எது வரைந்தது என்று கேட்பார்கள். நான் எடுத்த இலை எங்கே முடிகிறது, அதன் மேல் நீ பூசிய நிறம் எங்கே தொடங்குகிறது என்று சில சமயம் எனக்கே தெரியாது. அதை இப்போது நாற்பது அடியில் பார்க்கப் போகிறோம்.

ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அவ்வளவு பெரிதாக்கினாலும் இலை நரம்பு கலையாது. ஒரு பூவுக்கு அறுபது படம், ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் மயிரிழை தள்ளி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தது. நடுவில் காற்றடித்தால் முதலிலிருந்து. நம் வீட்டுப் பின்சுவர்க் கொடியின் ஓரம் மண்டி போட்டே போன முழங்கால் இது. மூலப் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. உன் வசதிக்காக வெட்டியது, திருப்பியது, வெளிச்சம் மாற்றியது எல்லாம் இன்னொன்றில். எது எது என்று ஃபோல்டரின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன், வழக்கம்போலப் பார்க்காமல் கையை விடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வேண்டாம், காலடியிலும் வேண்டாம், கண் மட்டத்தில். காலண்டரில் மூக்குக் கண்ணாடி போட்டுத் தேடினாலும் கிடைக்காத இடத்தில்தான் என் பெயர் இத்தனை நாள் இருந்தது. நாற்பது அடியில் ஒரு சாண் போதும்.

உன்
அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

டிஸ்க் கிடைத்தது, நன்றி. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுவனத்தில் ஒரே ஓவியர் என்றுதான் போட விரும்புகிறார்கள். வருகிறவர்கள் ஒரு முகத்தைத்தான் தேடுவார்களாம். வீட்டில் இவரும் அதைத்தான் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. நீ வருத்தப்படாதே, ஆனால் நீ செய்வது செடியின் முன்னால் கேமராவை வைப்பது. எடுப்பது கேமரா. அங்கே இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறாய். அதைக் கலையாக்குவது என் கை. துணி நெய்தவர் பெயரைச் சட்டையில் யாரும் போடுவதில்லை அல்லவா?

உன்னை அப்படியே விட்டுவிட மாட்டேன். விழாக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல் உண்டு. அதில் உன்னையும் சேர்க்கச் சொல்கிறேன். அச்சகம், மின்சார வேலை செய்தவர்கள் எல்லோரும் அதில்தான் வருகிறார்கள்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

குட்டி

*

பிப்ரவரி 6

குட்டி,

மின்சார வேலை செய்தவர்கள் பெரிய மனிதர்கள், அவர்களோடு நிற்பதில் எனக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் உன் கொடியை எடுக்கவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீயும் நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். எழுதச் சொன்னவள் நீ. அப்போது உனக்கு என் படங்கள் தேவைப்பட்டன. "ஒரு இலையாவது அக்கா எடுத்ததாக இருக்கும்வரை இரண்டு பேர் பெயரும் இருக்கும்." தாள் பத்திரமாக இருக்கிறது. நிறுவனத்துக்கு நகல் வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

துணி, சட்டை என்று எனக்குக் கதை சொல்லாதே. நீ தனியாக வரைந்த முதல் ரோஜாவை நானும் பார்த்தவள்தான். எதிர்வீட்டு அம்மா முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது என்றார். உன் நிறத்துக்கு ஈடு கிடையாது, அதை எவரிடமும் சொல்வேன். ஆனால் ஒரு காம்பு தண்டிலிருந்து எங்கே கிளம்புகிறது என்று உனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் அக்கா பார்த்துக்கொண்டாள்.

என் இலை இருந்தால் என் பெயர் இருக்கும். இதில் பேச ஒன்றுமில்லை.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

தாளை எடுத்துக் காட்டிவிட்டாய். சரி, தாளில் இருக்கிறபடியே செய்கிறேன். ஒரு இலைகூட உன்னுடையதாக இருக்காது.

உன் படத்தை அடியில் போட்டு, அதன் மேல் ஒவ்வொரு இலையையும் ஒவ்வொரு மொட்டையும் ஒவ்வொரு சுருளையும் என் கையால் புதிதாக வரைகிறேன். மேல் அடுக்கு முடிந்ததும் கீழே இருக்கும் உன் படத்தை அழித்துவிடுவேன். சுவரில் உன் படத்தின் ஒரு பிக்சல் மிஞ்சாது. இரவு பகல் பார்க்காமல் உட்கார்ந்தால் ஆறு மாதம் ஆகும். ஆகட்டும். உன் பெயர் இல்லாத சுவருக்காக ஆறு மாதம் தரலாம்.

முதல் பலகையின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். மொத்தம் பன்னிரண்டு பலகை, கொடி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போகும். முட்டைக்கோஸ் எங்கே தெரிகிறது என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு எழுது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். கல்யாணம் ஆகாதவளுக்கு அந்தக் கொடிதான் குடும்பம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு பொறுத்தேன். ஆனால் உன் குடும்பத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

குட்டி

*

மார்ச் 15

அன்புக் குட்டிக்கு,

பிரதியைப் பார்த்தேன். ஜன்னலோரம் வைத்து, பூதக்கண்ணாடியும் வைத்து, வெகுநேரம் பார்த்தேன். நீலத்துக்குள் அந்தச் சிவப்பை எப்படி ஒளித்து வைத்தாய் என்று தெரியவில்லை. கை நன்றாக ஓடுகிறது.

ஒரு தடவை வீட்டுக்கு வா. பின்சுவர்க் கொடி இப்போது அடியிலிருந்து நுனிவரை பூத்திருக்கிறது. அடுத்த பலகையைத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்து பார். கம்பியை எப்படிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது என்று சும்மா பார்த்தால் போதும். கேமரா, டிஸ்க், தாள் எதையும் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

சின்ன வயதில் கா விட்டால் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடுவோம். இது மாதக்கணக்கில் போகிறது. பத்து நிமிஷம்தான், வா.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

உன்னை எனக்குத் தெரியாதா? நாற்காலி போடுவாய், உள்ளே போவாய், போன இடத்தில் மூக்கை உறிஞ்சுவாய். பத்தாவது நிமிஷம் ஒரு சாண் இடம் கேட்பாய். ஒரு களைச்செடியைப் பார்க்க ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார எனக்கு நேரமில்லை. மூன்று பலகை முடிந்துவிட்டது. கொடி எப்படி ஏறும் என்று என் கைக்கு மனப்பாடம்.

இன்னொன்று. போட்டோவே பயன்படுத்தவில்லை, உயிரோடு இருக்கும் செடியைப் பார்த்து வரைகிறேன் என்று இயக்குநரிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நீ படத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்கக்கூடாது. அதனால் இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "இந்தப் படைப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. என் படம் எதுவும் இதில் இல்லை. என் பெயரைச் சேர்க்கும்படி எப்போதும் கேட்க மாட்டேன்." இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உனக்குத்தான் தாளில் நம்பிக்கை அதிகம் ஆயிற்றே.

போடாவிட்டால், அம்மா இறந்துபோன வருஷம் நீ எந்த நிலைமையில் இருந்தாய், யார் உன்னைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார்கள் என்று நிறுவனத்துக்கு எழுத வேண்டியிருக்கும். மூளை சரியில்லாதவளின் பேச்சை யார் கேட்பார்கள்? என்னை அந்த அளவுக்கு இறங்க வைக்காதே.

குட்டி

*

ஏப்ரல் 19

குட்டி,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஒரு நகல் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நீ அன்றைக்கு ஊட்டிய சோற்றுக்கு இத்தோடு சரியாகிவிட்டது.

அக்கா

*

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்தது. அழைப்பிதழ் உனக்குப் பிந்தித்தான் கிடைத்திருக்கும், தபாலில் கொஞ்சம் தாமதம். வந்திருந்தாலும் கூட்டத்தில் உன் முழங்காலுக்குக் கஷ்டம்.

துணியை விலக்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் கைதட்டல் நிற்கவே இல்லை. ஒரு பூ ஒரு ஆள் உயரம், அக்கா. கிட்டே போனால் வெறும் நிறம், தள்ளி நின்றால் இலையில் பனி உட்கார்ந்திருக்கிறது. மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஆறு மாதம் உயிருள்ள கொடியின் முன்னால் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை மட்டும் வரைந்தேன் என்றேன். பத்திரிகையில் அதையே தலைப்பாகப் போட்டிருக்கிறார்கள். கத்தரித்து வைத்திருக்கிறேன், படி.

ஒரு வயதான பேராசிரியை, அங்கே முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவராம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் சுவர் முன்னாலேயே நின்றார். கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார், விரலால் காற்றில் ஏதோ சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்க்கிறார். ரசிக்கத் தெரிந்தவர். என்னிடம் வந்து, "நேர்ல பார்த்தா வரைஞ்சீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

பெயர்ப் பலகை பித்தளை. நீ சொன்ன மாதிரியே கண் மட்டத்தில் வைக்கச் சொன்னேன். உன் யோசனைக்கு நன்றி.

குட்டி

*

அக்டோபர் 3

என் அன்பு அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை.

கொடி தப்பாம். அந்தப் பேராசிரியை இயக்குநருக்கு எழுதியிருக்கிறார். இந்தச் செடி எங்கே வளர்ந்தாலும் கம்பியின் முன்பக்கத்தில் இடமிருந்து வலமாகத்தான் ஏறுமாம், ஒரு தடவைகூட மாறாதாம். சுவரில் பன்னிரண்டு பலகையிலும் வலமிருந்து இடமாக ஏறுகிறது. உயிருள்ள செடியைப் பார்த்து வரைந்தவர் கண்ணில் இது எப்படிப் படாமல் போனது என்று கேட்டிருக்கிறார். இயக்குநர் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதையே மறுபடி கேட்டார்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். நான் அடியில் போட்டது இடவலமாகத் திருப்பிய படம். நீ ஃபோல்டரின் பெயரிலேயே எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் அதன் மேல் வரைந்திருக்கிறேன், ஒரு நாள்கூட மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடவாவது சொன்னேன், மாட்டார்களாம். அதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள், அக்கா. முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பே அந்தச் சுவர் முன்னால்தான். தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் என் பெயர். நேரில் பார்த்துத்தான் வரைந்தீர்களா என்று பத்திரிகைக்காரர் மறுபடி கேட்டு அனுப்பியிருக்கிறார். இவர் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. அடுத்து வரவிருந்த இரண்டு வேலையும் கை நழுவிப் போய்விட்டன.

ஒரு வழி இருக்கிறது, அது உன் கையில்தான். இது நாம் இருவரும் சேர்ந்து செய்தது, உன் படத்தைத் தெரிந்தே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினோம், அதுதான் இந்தப் படைப்பின் கருத்து என்று நீ ஒரு கடிதம் எழுதினால் போதும். உன் பேச்சை அவர்கள் நம்புவார்கள். செடி தெரிந்தவள் நீ. பெயர்ப் பலகையை மாற்றச் சொல்கிறேன். உன் பெயர் முதலில், என் பெயர் பிறகு. கண் மட்டத்தில், ஒரு சாண் என்ன, ஒரு முழமே வைக்கச் சொல்கிறேன்.

நான் எழுதியதெல்லாம் தப்பு. அம்மா போன வருஷத்தை எழுதியது பெரிய தப்பு. அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்து காலில் விழுகிறேன், கொடியையும் பார்க்கிறேன். பழம் விட்டுவிடு அக்கா.

உன்
குட்டி

*

அக்டோபர் 11

ஓவியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதி வருஷக்கணக்காகிறது.

எனக்கு எப்போது தெரியும் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மார்ச்சில் நீ அனுப்பிய முதல் பிரதியை உறையிலிருந்து உருவியபோதே தெரியும். பூதக்கண்ணாடியை எடுத்தது உன் நீலத்தைப் பார்க்கத்தான். அதைப் படம் எடுத்தே முழங்காலைத் தேய்த்தவளுக்குக் கொடி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியக் கண்ணாடி வேண்டாம்.

அந்தப் படத்தைத் திருப்பச் சொன்னவளும் நீதான். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய காலண்டர். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் அழகாக இருக்கும் என்றாய். "கொடி தப்பாப் போகுதுடி" என்றேன். "காலண்டர்ல யாரு அதையெல்லாம் பார்க்கப் போறா?" என்றாய். உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் ஃபோல்டரின் பெயரில் எழுதி வைத்தேன்.

வந்து பார் என்று எழுதினேன். கொடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் உன் கண்ணே உனக்குச் சொல்லியிருக்கும், நான் சொன்னதாகக்கூட இருந்திருக்காது. நீ களைச்செடி என்று எழுதினாய். கூடவே தாளை அனுப்பினாய். அந்தத் தாளை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி திரும்பியிருக்கிறது, சரிபண்ணு என்று ஒரு வரி எழுதவும் செய்தேன். அப்போது அம்மா போன வருஷத்தைப் பற்றி நீ எழுதிய பக்கம் பக்கத்தில் கிடந்தது. இன்னொரு தடவை படித்துவிட்டு, எழுதிய வரியைக் கிழித்துப் போட்டேன். என் குடும்பத்தை நீ ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டிருந்தாயே. சுமக்காதே, தப்பாகவே வரை என்று விட்டுவிட்டேன். எல்லாப் பலகையும் முடியட்டும், சுவரில் ஏறட்டும், உன் பெயர் மட்டும் பக்கத்தில் வரட்டும் என்று ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை காத்திருந்தேன். காற்று நிற்கக் காத்திருந்து பழகியவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை உன் சுவரைப் பார்க்கப் போனேன். யாரிடமும் நான் யார் என்று சொல்லவில்லை. முதலாண்டு மாணவர்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். பேராசிரியை, "இதுல என்ன தப்பு, சொல்லுங்க" என்றார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண், பதினேழு வயதிருக்கும், "மேடம், கொடி எதிர்ப்பக்கமா சுத்துது" என்றாள். யாரோ பெயர்ப் பலகைக்குக் கிட்டே போய் உன் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊர் திரும்புகிற ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய காலண்டரில் என் பெயரைப் பார்த்துவிட்டு, படம் என்னுடையதா என்று இயக்குநர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். நீ என்னிடம் வாங்கிய தாளின் நகலை அனுப்பி வைத்தேன். கூட ஒரு வரியும் எழுதவில்லை. நான் ஆமாம் என்றால் நீ என் படத்தைப் பிரதி எடுத்தவள். இல்லை என்றால் கண் முன்னால் இருக்கிற செடியைப் பார்க்கத் தெரியாதவள். எது உனக்கு நல்லது என்று நானே முடிவு செய்ய விரும்பவில்லை, உன் தாளையே பேச விட்டேன்.

பெயர்ப் பலகையை மாற்றச் சொல்லாதே. நீ வைக்கச் சொன்ன உயரம் சரியாக இருக்கிறது. மூக்குக் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது.

கொடியைப் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வர வேண்டாம். நேற்றுக் காலையில் அதை வேரோடு வெட்டி எடுத்து, கம்பியையும் பிடுங்கிவிட்டேன். பின்சுவரில் இப்போது ஒன்றும் இல்லை.

இந்தப் படைப்பில் எந்தப் பங்கும் இல்லாத,
அக்கா